இரண்டு பேருக்கு ஒரு வடச்சட்டி

தமிழில் வெளியாகும் அசைவச் சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை ‘கோழிக்கறி ஒரு கிலோ’ என்றுதான் தொடங்குகின்றன. இணைப்பிதழோ தொலைக்காட்சியோ யூடியூபோ, எதில் பார்த்தாலும் அடுப்பில் ஏறும் பாத்திரம் ஐந்தாறு பேருக்கானது. வீடுகளோ சுருங்கிவிட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேர் ஏறத்தாழ 1.85 கோடிக் குடும்பங்களாக இருந்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை. சராசரி என்பது இருவர் வீட்டையும் எட்டுப் பேர் வீட்டையும் ஒன்றாகக் கலந்த எண். அதைப் பிரித்துப் பார்த்தால், ஓசூரில் வேலைக்காக அறை எடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்கள் இருவர், துரைப்பாக்கத்தில் வாடகைக்குக் குடியேறிய புதுத் தம்பதி, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ தனித்திருக்கும் முதியவர்கள் என்று பலர் தெரிவார்கள். மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு தமிழ்நாட்டில் 2021இல் 13.6 சதவீதம் என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகம். இந்த வீடுகளில் இரவு என்ன சமைப்பது என்பதைப் பற்றி நாம் பொதுவெளியில் பேசுவதே இல்லை.

பேசியாக வேண்டும். நமது பெரிய வீட்டுச் சாப்பாடு சோறு, குழம்பு, ரசம், பொரியல், கறி எடுத்த நாளானால் கூடவே ஒரு வறுவல் என்று நான்கைந்து பாத்திரங்களில் ஆவது. அதை அப்படியே இருவருக்குச் சுருக்கினால் பொருள் குறையும், வேலை குறையாது. ஆறு பேருக்கு அரைத்தாலும் இருவருக்கு அரைத்தாலும் மிக்ஸி ஜாரைக் கழுவித்தான் ஆக வேண்டும். ஆகவே இருவர் வீடு இரண்டில் ஒன்றைச் செய்கிறது: கறியை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டு மற்ற நாட்களில் மாவையும் மீந்த சோற்றையும் வைத்துச் சமாளிக்கிறது, அல்லது கைப்பேசியை எடுத்துப் பிரியாணிக்குச் சொல்கிறது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற இந்தியக் குடும்பங்கள் தங்கள் மொத்தச் செலவில் 10.64 சதவீதத்தைப் பானங்கள், பதப்படுத்திய உணவு, சமைத்து விற்கும் உணவு ஆகியவற்றுக்குக் கொடுத்தன. உணவுப் பிரிவுகளில் அதுவே மிகப் பெரிய பங்கு. இருவர் வீட்டுக்குப் பெரிய வீட்டுச் சாப்பாட்டின் சின்ன நகல் ஒத்துவராது. அதற்கென்று ஒரு சமையல் முறை வேண்டும். ஒரே சட்டியில் தொடங்கி அதிலேயே முடியும் கோழிச் சாப்பாடு அப்படிப்பட்ட முறை, அதுவும் பணத்துக்கும் உடம்புக்கும் ஒருசேரக் கட்டுப்படியாகிற முறை என்பது என் வாதம்.

இந்த முறையை வெளிநாட்டுச் சமையல் நிகழ்ச்சிகளைப் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. காவிரிக்கு ஒரு கரையில் ஈரோடு, மறுகரையில் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். விசைத்தறிகளுக்குப் பேர்போன அந்த ஊரின் பெயரில் வழங்கும் பள்ளிபாளையம் சிக்கன் இன்று தமிழ்நாடு முழுக்க உணவகப் பட்டியல்களில் இருக்கிறது. உணவகங்கள் பலவற்றில் அது நிறம் ஏற்றி, மசாலாப் பொடி தூவி வேறொன்றாக மாறிவிட்டது என்றாலும், கொங்கு வீடுகளில் செய்யும் வடிவம் எளிமையின் உச்சம். எண்ணெய், சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், மஞ்சள் தூள், உப்பு, கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், கோழி. சிலர் இஞ்சி, பூண்டு தட்டிப் போடுவார்கள். தக்காளி கிடையாது, வறுத்து அரைப்பது கிடையாது, பொடி கிடையாது. எல்லாம் ஒரே வடச்சட்டியில் நடக்கும். சிந்தாமணி சிக்கனும் இதற்கு நெருங்கிய உறவுதான். மசாலா அரைக்காமல் கோழி ருசிக்காது என்று சொல்பவர்களுக்கு, தமிழ்நாட்டின் கோழித் தொழில் மையம் கொண்டிருக்கும் மேற்கு மாவட்டங்களே பதில் வைத்திருக்கின்றன.

அந்தச் சட்டிக்குள் நடப்பதைக் கவனித்தால் இது ஏன் இருவருக்குப் பொருந்துகிறது என்று விளங்கும். பச்சைக் கோழிக்கறியின் எடையில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக இருப்பது தண்ணீர். வெங்காயமும் மிளகாயும் வதங்கிய எண்ணெயில் கறியைப் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்துப் புரட்டினால் சில நிமிடங்களில் அது தானாகவே நீர் விடும். மூடி போட்டுச் சிறுதீயில் வைத்தால் அந்த நீரிலேயே கறி வேகும். தனியாகத் தண்ணீர் ஊற்றி, அதை வற்றவைக்க எரிவாயுவைச் செலவழிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு நிமிடம் போல ஆனதும் மூடியைத் திறந்து தீயைக் கூட்டினால் நீர் சுண்டி, கறியில் இருந்து பிரிந்த கொழுப்பும் எண்ணெயும் மட்டும் நிற்கும். அப்போதுதான் கறி சிவக்கத் தொடங்கும். நீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதைத் தாண்டாமல் கறி சிவக்காது. தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் விழ வேண்டிய நேரம் இது. இதோடு நிறுத்திக்கொண்டால் பள்ளிபாளையம் சிக்கன். தோசைக்கோ, மதியம் வடித்த சோற்றுக்கோ தொட்டுக்கொள்ளலாம். இதையே முழு இரவுச் சாப்பாடாக்க, இருபது நிமிடம் ஊறிய 150 கிராம் சீரகச் சம்பாவை அதே சட்டியில் போட்டுப் புரட்டி, அரிசியின் அளவுக்கு இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவாக வெந்நீர் ஊற்றி, மூடி, சிறுதீயில் கால் மணி நேரம் விட்டு, அடுப்பை அணைத்த பின் ஐந்து நிமிடம் திறக்காமல் வைத்தால் போதும். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கறிச்சாறும் வெங்காயமும் அரிசியில் ஏறிவிடும். அரிசி சேர்ந்துவிட்டால் அதற்குப் பள்ளிபாளையம் என்ற பெயர் பொருந்தாது என்று கொங்கு நாட்டவர் சொன்னால் அவர்கள் சொல்வது நியாயம். அதைக் கோழிச்சோறு என்றே அழைப்போம்.

ஒரு கிலோவுக்கான குறிப்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பாதியாக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது, இருவருக்குச் சமைப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடமே இதுதான். சட்டியில் இருந்து எவ்வளவு நீர் ஆவியாகிறது என்பது உள்ளே இருக்கும் கறியின் அளவைப் பொறுத்ததல்ல. சட்டியின் வாய் அகலத்தையும் அது அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. ஆறு பேருக்கான அகலச் சட்டியில் 400 கிராம் கறியைப் பரப்பினால் அது விடும் நீர் வேகும் முன்பே பறந்துவிடும், வெங்காயம் கருகும், கறி ரப்பராகும். உடனே தண்ணீர் ஊற்றுவோம், ருசி நீர்த்துப்போகும். அதற்கு ஈடாக மசாலாவைக் கூட்டுவோம். அளவுக்கேற்ற சட்டி இருந்தால் இந்தத் தொடர் தவறுகள் எதுவும் நேராது. பத்து அங்குலத்துக்கு மிகாத, அடி கனமான, இறுக்கமான மூடி உள்ள ஒரு வடச்சட்டி இருவர் வீட்டுக்கு வேண்டிய முதல் பொருள். இரும்பாகவோ வார்ப்பாகவோ இருந்தால் இன்னும் நல்லது. ஒருமுறை வாங்கினால் பல பத்தாண்டுகள் உழைக்கும். திருமணத்துக்குச் சீராக வரும் இருபது பாத்திரங்களில் இந்த அளவில் ஒன்று இருப்பது அபூர்வம் என்பதும் நமது கவனம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

இனிப் பணக்கணக்கு. கோழி விலை வாரத்துக்கு வாரம் மாறும். புரட்டாசியில் இறங்கும், பண்டிகைகளை ஒட்டி ஏறும். கிலோ கறி 240 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 400 கிராம் 96 ரூபாய். சின்ன வெங்காயம் 150 கிராம் 9 ரூபாய், கால் மூடித் தேங்காய் 10 ரூபாய், கிலோ 120 ரூபாய் சீரகச் சம்பாவில் 150 கிராம் 18 ரூபாய், கடலை எண்ணெய் 5 ரூபாய், மிளகாயும் மஞ்சளும் கறிவேப்பிலையும் 5 ரூபாய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோ பீன்ஸோ 10 ரூபாய். வீட்டு அடுப்பு நடுத்தரத் தீயில் மணிக்கு ஏறத்தாழ 150 கிராம் எரிவாயு குடிக்கும், 14.2 கிலோ சிலிண்டரை 900 ரூபாயாகக் கொண்டால் முக்கால் மணி நேரச் சமையலுக்கு 7 ரூபாய். ஆக 160 ரூபாய், ஆளுக்கு 80. சென்னையின் நடுத்தர உணவகத்தில் ஒரு கோழி பிரியாணியை 220 ரூபாய் என்று கொண்டால் இரண்டுக்கு 440, அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி, பொதி கட்டும் கூலி, கொண்டுவரும் கூலி, 2023இல் 2 ரூபாயில் தொடங்கிப் படிப்படியாக ஏறிவந்த செயலிக் கட்டணம் என்று 500 ரூபாயை எளிதில் எட்டும். மாதத்துக்கு எட்டு இரவு என்றால் வித்தியாசம் 2,700 ரூபாய்க்கு மேல். வாடகையும் கடன் தவணையும் போக மீதியில் வாழும் இருவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

இந்தக் கணக்குக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. உணவகத்தை விடுங்கள், தெருமுனைத் தள்ளுவண்டியில் சிக்கன் ரைஸ் 100 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, நாள் முழுக்க உழைத்து வந்தவர் 20 ரூபாய் மிச்சத்துக்காக ஏன் அடுப்பு முன் நிற்க வேண்டும் என்பது அது. தள்ளுவண்டிக்காரர்கள் இந்த மாநிலத்தின் உழைப்பாளிகளுக்குச் சோறு போடுகிறவர்கள். அவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது தட்டின் விலையை அல்ல, தட்டில் இருக்கும் கறியை. 100 ரூபாய்க்குச் சாப்பாடு விற்று, வாடகையும் எரிவாயுவும் உதவியாளர் கூலியும் கொடுத்து, தானும் பிழைக்க வேண்டியவரால் ஒரு தட்டில் 200 கிராம் கோழி வைக்க முடியாது. சோறே அதிகமாக இருக்கும், கறி சோற்றுக்கு ருசி காட்டும் அளவில் இருக்கும். வீட்டுச் சட்டியில் ஆளுக்கு 200 கிராம் எலும்போடு கூடிய கறி விழுகிறது. எலும்பைக் கழித்தால் 130 கிராமுக்குக் குறையாது. அதில் 25 கிராம் அளவுக்குப் புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குத் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம் வரும். அதில் பாதி இந்த ஒரு வேளையிலேயே கிடைத்துவிடுகிறது.

புரதத்தைவிட முக்கியமானது சோற்றின் அளவு என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு கூறியது. அதே ஆய்வுத் தொடரின் உணவு பற்றிய பகுதி 2025இல் வெளிவந்தபோது, இந்தியர்கள் உண்ணும் உணவின் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்தே வருகிறது என்று தெரிந்தது. நமது இரவு உணவின் நோயே சோறும் மாவும் மலிவு, புரதம் விலை கூடியது என்பதால் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதுதான். ஒரு சட்டிச் சமையலில் அரிசி எவ்வளவு என்பதைச் சமைக்கும் முன்பே முடிவு செய்கிறோம். ஆளுக்கு 75 கிராம் போட்டால் அவ்வளவுதான் உண்டு. தனியாக ஒரு பானைச் சோறு இருக்கும்போது குழம்பு மிஞ்சுகிறதே என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளும் வழக்கம் இங்கே நடக்காது. காய்கறி குறைவு என்ற குற்றச்சாட்டு மட்டும் சரியானது. வெங்காயத்தைக் காய்க்கணக்கில் சேர்த்து ஏமாற்றிக்கொள்ள முடியாது. அரிசியோடு பீன்ஸும் கேரட்டும் போடலாம், அடுப்பை அணைக்கும்போது முருங்கைக்கீரையை உருவிப் போட்டு மூடலாம். வெள்ளரியை நறுக்கித் தயிரில் போட அடுப்பே வேண்டாம். உப்பும் நம் கையில் இருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இருவருக்கான சட்டிக்கு முக்கால் தேக்கரண்டி போதும். வரமிளகாயும் சிவந்த வெங்காயமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பிராய்லர் கோழியே நஞ்சு, அதை அடிக்கடி சாப்பிடச் சொல்வது சரியா என்ற கேள்வி இந்தப் பேச்சில் தவறாமல் எழும். இதில் உண்மையும் வதந்தியும் கலந்திருக்கின்றன, பிரித்துத்தான் பேச வேண்டும். ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது வதந்தி. ஆறு வாரத்தில் ஒரு கோழி இரண்டு கிலோ எட்டுவது பல தலைமுறைகளாகச் செய்த இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடுவது பண்ணைக் கணக்குக்கே ஒத்துவராது. ஆன்டிபயாடிக் பிரச்சினையோ உண்மையானது. தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்ததாக அறிவித்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழிகளுக்கும் பிற உணவு விலங்குகளுக்கும் கொடுப்பதை மத்திய அரசு 2019இல் தடை செய்தது. பண்ணைகளைக் கண்காணிக்கும் வேலை அரசுடையது. அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வெளியே வாங்கும் பிரியாணியிலும் இதே பிராய்லர்தான் இருக்கிறது. எனவே இந்தக் கவலை வீட்டுச் சமையலுக்கு எதிரான வாதமாக நிற்காது. நாட்டுக்கோழி வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். விலை இரட்டிப்புக்கு மேல் ஆகும், வேகவும் கூடுதல் நேரம் பிடிக்கும், வேலைநாள் இரவுக்கு அது ஒத்துவராது.

கோழி தொடர்பாக வீட்டில் செய்ய வேண்டிய எச்சரிக்கை வேறு. பச்சைக் கறியில் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவும்போது அவை தொட்டி, மேடை, பக்கத்தில் கவிழ்த்த தட்டு என்று தெறித்துப் பரவும். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014இல் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று மக்களிடம் ஓர் இயக்கமே நடத்தியது. கண்ணெதிரே வெட்டித் தரும் நமது கடைக் கறியில் இரத்தமும் இறகுத் துணுக்கும் ஒட்டியிருக்கும், அதைக் கழுவாமல் சமைக்க நம் மனம் ஒப்பாது. அதைத் தவறென்றும் சொல்லமாட்டேன். ஒரு பாத்திரத்தில் நீர் பிடித்து அதில் மெதுவாக அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வெங்காயத்தையும் தேங்காயையும் முதலில் நறுக்கி முடித்துவிட்டுக் கறியைக் கடைசியில் எடுத்தால் ஒரே பலகையும் கத்தியும் போதும். கறி உள்ளே 74 டிகிரியை எட்டினால் கிருமிகள் அழியும். தொடையெலும்பை ஒட்டிய இடத்தில் கீறிப் பார்த்து, வரும் சாறு இளஞ்சிவப்பாக இல்லாமல் தெளிவாக இருந்தால் வெந்துவிட்டதற்கு நல்ல அறிகுறி. நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறி இந்தச் சமையலுக்கு ஏற்றது. கொழுப்பும் பசைத்தன்மையும் கூடுதல் என்பதால் ஓரிரு நிமிடம் அதிகமானாலும் வறண்டுபோகாது.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோவாகச் சமைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்வதுதான் சிக்கனம் என்று வாதிடுபவர்களும் உண்டு. குழம்புக்கு அது ஓரளவு பொருந்தும். கோழிச்சோற்றுக்குப் பொருந்தாது. வேகவைத்த சோற்றை வெளியில் மணிக்கணக்கில் விட்டால் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்தால் ஆபத்து குறையும் என்றாலும், பாதிக்குப் பாதி மீதமாகும்படி சமைப்பது இருவர் வீட்டில் கடைசியில் குப்பைக்குப் போவதில்தான் முடிகிறது. மூன்றாம் நாள் அதே கறியைப் பார்க்கும் சலிப்பு கைப்பேசியை எடுக்க வைக்கும். அளவாகச் சமைத்து அன்றே முடிப்பதுதான் உண்மையான சிக்கனம்.

இதற்குக் கடைகளும் குறிப்பு எழுதுபவர்களும் கொஞ்சம் மாற வேண்டும். நமது கறிக்கடைகளில் அரைக்கிலோ கேட்டால் தருகிறார்கள். ஆனால் ஞாயிறு கூட்டத்தில் அரைக்கிலோக்காரருக்கு மரியாதை குறைவு. கழுத்தும் முதுகும் அவர் பொட்டலத்தில்தான் அதிகம் விழும். வேலைநாள் மாலையில் போனால் தொடை வேண்டும், சின்னத் துண்டாக வேண்டும் என்று கேட்டு வாங்க முடியும். கடைக்காரர்களும் இருவருக்கான பொட்டலம் என்று 400 கிராமை எடைபோட்டு வைத்தால், வேலைமுடிந்து திரும்புபவர்கள் நின்று வாங்கிப் போவார்கள். எழுதுபவர்களுக்கு நம்மிடமே முன்னோடி உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்து, அம்மாவும் அத்தையும் பக்கத்தில் இல்லாத ஊர்களில் குடித்தனம் தொடங்கிய பெண்களுக்குக் கைகொடுத்தது. அது சைவச் சமையல் நூல் என்றாலும், குடும்பத்தின் வடிவம் மாறும்போது சமையல் நூலும் மாற வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. இன்று எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பும் இருவருக்கான அளவையும், எந்த அகலச் சட்டி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம். எல்லாவற்றிலும் கனமானது இதுதான். வீட்டில் சமையுங்கள் என்று யார் எழுதினாலும் அந்த வேலை பெண் தலையில்தான் விழுகிறது. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களே பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம்தான். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணிடம் பிரியாணி வாங்காதே, சமை என்று சொல்வதாக இந்தக் கட்டுரையை யாராவது படித்தால் அது என் நோக்கத்துக்கு நேரெதிர். செயலியில் பிரியாணி வாங்குவது பல வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு. அதைப் பறித்துவிட்டு 340 ரூபாய் மிச்சப்படுத்துவதில் நியாயம் இல்லை. ஒரு சட்டிச் சமையலை நான் முன்வைப்பதே, சமைக்கத் தெரியாது என்ற சாக்கை அது செல்லாததாக்குகிறது என்பதால்தான். குழம்பின் பக்குவம், ரசம் பொங்கும் நேரம், மாவின் புளிப்பு போன்றவற்றுக்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். எட்டுப் பொருள், ஒரு சட்டி, ஒரு மூடி, முக்கால் மணி நேரம் என்பதை எந்த ஆணும் ஒரு வாரத்தில் கைவசப்படுத்தலாம். ஒருவர் வெங்காயம் உரிக்க, ஒருவர் கறி வாங்கி வந்து அலச, சட்டி மூடியிருக்கும் கால் மணி நேரத்தில் பலகையும் கத்தியும் கழுவி முடிந்துவிடும். சாப்பிட்ட பிறகு தேய்க்க ஒரு சட்டியும் இரண்டு தட்டும்தான்.

இன்னொன்றும் உண்டு. தோசையானாலும் சப்பாத்தியானாலும் ஒருவர் அடுப்பு முன் நின்று சுட்டுப்போட, மற்றவர் சூடாகச் சாப்பிடுவார்; சுட்டவர் கடைசியில் ஆறியதைத் தின்பார். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கோழிச்சோற்றுச் சட்டியின் அடுப்பு, தட்டு எடுக்கும் முன்பே அணைந்துவிடுகிறது. பரிமாறிவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் உட்காரலாம். முதுமையில் தனித்திருக்கும் தம்பதிக்கு, அதிலும் ஐம்பது ஆண்டுகளாகப் பரிமாறியே சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு, இது 80 ரூபாய்க் கணக்கில் அடங்காத லாபம். இன்று மாலை கறிக்கடைக்குப் போகும் வேலையை அந்த வீட்டு ஐயா ஏற்றுக்கொள்ளட்டும்; 400 கிராம், தொடை, சின்னத் துண்டு என்று கேட்க வேண்டும்.